கோவளத்துக் குரலுக்கு இஸ்திரி

என் மகனும் அவன் நண்பனும் கம்ப்யூட்டரில் இசை செய்தார்கள். இரண்டே பேர் கொண்ட குழு. செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மாடியறைதான் அவர்களுடைய ஒலிப்பதிவுக்கூடம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார்கள். நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள், எண்ணிப் பார்த்திருக்கிறேன். அப்படியும் கீழே என் கட்டில் அதிர்ந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. மின்சாரம் போனால்தான் எனக்கு நிம்மதி.

நான் கல்பாக்கத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். அந்தச் சத்தத்தையும் எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்றிருபது தாள அடி, ஒன்றுகூட முன்னே பின்னே போகாது. பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். குறை சொல்ல இடமில்லை, அவ்வளவுதான்.

முதல் ஆல்பத்தில் ஒன்பது பாட்டுகள். அவற்றில் மூன்றில் ராப் பாடுவதற்காகக் கோவளத்திலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்தார்கள். ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மற்றவர் அவருடைய தங்கை புருஷன், மீன்பிடிக்கிறவர். கரைவலை இழுக்கும்போது குரல் கொடுக்கிற ஆள். இழுக்கையில் மூச்சு முழுவதும் கையில் போய்விடும். இழுத்து முடித்த பிறகுதான் சொல் வரும். அந்தப் பழக்கத்திலேயே ராப்பும் பாடினார். ஒவ்வொரு வரியும் தாளம் விழுந்து ஓர் இமைப்பொழுது கழித்து வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு முதல்முறையாக நான் மாடிப்படியில் நின்று முழுப்பாட்டையும் கேட்டேன்.

அவர்கள் போனதும் என் மகனும் நண்பனும் மீன்காரரின் குரலைத் துண்டு துண்டாக வெட்டித் தாளத்தின் மேல் நகர்த்தி வைத்தார்கள்.

"எதுக்குடா வெட்டறீங்க?"

"லேட்டா வருதுப்பா. சரி பண்றோம்."

"எல்லா வரியும் ஒரே அளவுதானே பிந்துது? தப்புன்னா ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைய வரும்."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா."

எனக்குப் புரியாதாம்! முப்பது வருடம் மீட்டர் முள்ளையும் அளவுக் கோடுகளையும் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவனுக்கு!

அடுத்த வாரம் வந்து பாட்டைக் கேட்டதும் மீன்காரர் முகம் சுருங்கியது.

"இன்னா தம்பி இது? நான் எங்க கீறேன் இதுல?"

ஆட்டோக்காரர் சிரித்தார். "மச்சான், உன் கொரலுக்கு இஸ்திரி போட்டுட்டானுங்க. மடிப்பு கலையாம கீது பாரு."

"சிரிக்காத நீ. எங்க குப்பத்துல போட்டுக் காட்டுனா எவன்டா இவன்னு கேப்பானுங்க. தம்பி, நான் பாடுனத அப்படியே வை. இல்லாட்டி என்னத் தூக்கிடு."

சிடி அடிக்கக் கொடுத்தாயிற்று என்றான் என் மகன். அது பொய். அடிக்கக் கொடுக்கவேண்டிய மூல சிடி மேசைமேல்தான் இருந்தது; நான் பார்த்தேன். அவர்கள் எதிரில் மகனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அவர்கள் போன பிறகு கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வெளியீட்டு விழா மாமல்லபுரத்தில், கடற்கரை லாட்ஜ் ஒன்றின் முற்றத்தில், சாயங்காலம் நடந்தது. அறுபது நாற்காலிகள், உட்கார்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர். மீன்காரர் தம் தெரு ஆட்களையும் கூட்டி வந்திருந்தார். மேடை ஏறும்போது என் மகன் அவர் காதில், "பாட்டு ஓடும்ணா, நீங்க சும்மா வாயசைச்சா போதும்" என்றான். முதல் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. பாட வந்த மனிதனிடம் சொல்கிற வார்த்தையா அது?

பாட்டு ஓடியது. வெட்டிய குரல் தாளத்தோடு நறுக்கென்று வந்தது. அவர் வாயசைக்கவில்லை. மைக்கை வாங்கித் தம் வழக்கப்படியே பாடினார். ஒரே மனிதனின் இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் திரும்பி, மைக்கிலேயே சொன்னார்:

"தம்பி, உன் ஆள வாய மூடச் சொல்லு. நான் பாடிக்கிறேன்."

என் மகன் அசையவில்லை. அவன் நண்பன்தான் கை நீட்டி அந்த வெட்டிய குரலின் சத்தத்தை மட்டும் இறக்கினான். தாளம் மட்டும் ஓடியது, அவர் குரல் அதன் பின்னால் வந்து வந்து உட்கார்ந்தது. கோவளத்து ஆட்கள் எழுந்துவிட்டார்கள். ஆட்டோக்காரர் விசிலடித்தார்.

கடையில் விற்ற சிடியில் இன்றும் அந்த இஸ்திரி போட்ட ஆள்தான் பாடுகிறான். திருத்தி இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன், பல தடவை. "யாருப்பா கவனிக்கப் போறா?" என்கிறான் என் மகன்.