நாற்று நடாதவர்கள்

பெயரைக் கேட்பதற்கு முன்னால் உதயா கையைக் கேட்பாள். நீட்டிய கையைப் புரட்டி, உள்ளங்கையை வாசல் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பாள். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு இருந்தால் பூக்கட்டுகிறவர். நகக்கண்ணில் ஊறிய கறுப்பு எந்த சோப்புக்கும் போகாதென்றால் வண்டிப் பட்டறை. உள்ளங்கையின் மேட்டில் காய்ப்பு வரிசையாக இருந்தால் கரும்பு வெட்டுகிறவர். பார்த்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி: "காலைல வேலைக்குப் போனதும் மொதல்ல இன்னா பண்ணுவீங்க?"

கூலி வேலைதாம்மா என்று பதில் வந்தால் விடமாட்டாள். "கூலின்றது நீங்க வாங்கறது. செய்யறது இன்னா, அதச் சொல்லுங்க" என்பாள்.

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சந்தில் பத்துக்கு எட்டு அறை அவளுடையது. கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று, அட்டைக்கு லாமினேஷன் போடும் மிஷின், விரல்ரேகை பிடிக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டியின் கண்ணாடியை ஒவ்வொருவர் விரல் வைத்த பிறகும் பழைய வேட்டித் துண்டால் துடைப்பாள். ஆஸ்பத்திரி வாசலில் விடுவதுபோல வருகிறவர்கள் செருப்பைப் படியில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவள் செருப்பும் அந்த வரிசையிலேயேதான் கிடக்கும். முப்பத்திரண்டு வயது. தபாலில் பி.காம். முடித்தவள். யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகத் தட்டச்சு செய்வாள்.

சந்தில் சான்றிதழுக்கு வருகிறவர்கள் நிறைய. ஆனால் அவள் பெயர் ஊரில் பரவியது தொழிலாளர் அட்டையால். தில்லியில் இருக்கிற தொழிலாளர் வேலைவாய்ப்பு அமைச்சகம் சில ஆண்டுகளுக்கு முன் இ-ஷ்ரம் என்ற பதிவைக் கொண்டுவந்தது. பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, இன்றைக்கு ஒருவரிடம் நாளைக்கு ஒருவரிடம் என்று வேலை செய்கிறவர்கள் நாட்டில் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அமைச்சகம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியும். பதிவு செய்தவருக்கு ஆயுளுக்கும் மாறாத பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வரும். விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற இடத்தைத் தொட்டால் நானூறு தொழில் போல ஒரு பட்டியல் திறக்கும். அதை உதயா பதினோரு தாளில் தமிழில் எழுதி, ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

இத்தனை கவனம் ஒரு தவறிலிருந்து வந்தது.

பதிவு தொடங்கிய புதிதில் திருவாலங்காட்டுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் முகாம் போட்டார்கள். உதயாவும் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. சிக்னல் வரும், போகும். தொழில் பட்டியலைத் திறந்தால் பாதி இறங்கி நின்றுவிடும். விவசாயக் கூலி என்று போட்டால் மட்டும் உடனே எடுத்துக்கொண்டது. போட்டாள். அடுத்தவருக்கும் போட்டாள். இரண்டு நாளில் அறுநூற்றுப் பதினாலு பேர், அத்தனை பேரும் விவசாயக் கூலி. யாரும் கேட்கவில்லை. அட்டையை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து பஞ்சர் கடைக்காரர் ஒருவர் அட்டை கிழிந்துவிட்டதென்று வேறு எடுக்க வந்தபோதுதான் அவள் பார்த்தாள். டயர் கழற்றுகிற கை; அட்டையில் விவசாயக் கூலி. அன்றைக்கு முகாமில் பதிந்த அத்தனை பெயரையும் எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தவர்களிலேயே எத்தனையோ பேர்: நெசவுக்காரர், முடி திருத்துகிறவர், கல்யாணச் சமையல்காரர், கிணறு வெட்டுகிறவர். "தில்லில ஒரு ஆபீசரு நம்மூருப் பக்கத்தத் தொறந்து பாக்கறாருன்னு வச்சிக்கோங்க. வூடு கட்ட ஒரு ஆளு இல்ல, முடி வெட்ட ஒரு ஆளு இல்ல. அறுநூறு பேரும் நாத்து நட்டுகினு இருக்கோம்" என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

திருத்து என்று எந்த மேலதிகாரியும் சொல்லவில்லை. நீளமான நோட்டு ஒன்று வாங்கினாள். எட்டாவதோடு நின்ற அவளுடைய அக்கா தேவயானி, தையல் மிஷினை நிறுத்திவிட்டு, ஸ்கேல் வைத்து எண்பது பக்கத்துக்கும் கோடு போட்டுக் கொடுத்தாள். வரிசை எண், பெயர், ஊர், கடைசியில் வேலை. ஆளைப் பார்த்து, கேட்டு, கணினியில் மாற்றிய பிறகுதான் கடைசிக் கட்டத்தில் எழுதுவாள். இதற்குக் காசு வாங்குவதில்லை. பேருந்தில் பிடிப்பாள், ரேஷன் கடையில் பிடிப்பாள், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடியோடு நின்றவரைக்கூட ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறாள். "உதயா வருது, கைய மறச்சிக்கோ" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேலி உண்டு. இதுவரை நானூற்று முப்பது பேருக்கு மாற்றியாகிவிட்டது. நோட்டின் முதல் வரியில் மட்டும் கடைசிக் கட்டம் ஐந்து வருடமாகக் காலி. அது யார் என்று கேட்டால் உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். இறந்துபோன யாரோ என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கெங்கம்மாள் வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது, கையில் ஒயர்கூடை. கணவர் முனியன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி, வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அரக்கோணம் சாலையில் புதிதாக எழும்புகிற கட்டடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அட்டையில் கொத்தனார் என்றிருந்தால் கொத்தனார், சித்தாள் என்றிருந்தால் சித்தாள், நாளைக் காலைக்குள் கொண்டுவர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். கெங்கம்மாள் தணிந்த குரலில், கொத்தனார் என்று மாற்றித் தரச் சொன்னாள். யாருடைய அட்டையில் என்று உதயா கேட்டாள். என்னுடையதில்தான் என்றாள்.

உதயா கையை வாங்கிப் பார்த்தாள். சிமெண்ட் விரல்நுனிகளைத் தின்று வழவழப்பாக்கியிருந்தது. அது கலவை சுமக்கிற கைக்கும் உண்டு. வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"போனதும் நூலு கட்டுவேன். மூலைய மட்டம் பாப்பேன். கல்லத் தண்ணில போட்டு, குமிழி அடங்கினதும் எடுப்பேன். மொத வரி கோணிச்சின்னா சொவரு பூரா கோணிக்கும்மா. அதனால மொத வரிக்கு யாரையும் கிட்டவே வுடமாட்டேன்."

சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டு யாரிடம் இருக்கிறது என்று உதயா கேட்டாள். கெங்கம்மாள் ஒயர்கூடையிலிருந்து சோற்றுத் தூக்கை எடுத்து வைத்துவிட்டு, அடியில் துணியில் சுற்றியிருந்த பித்தளைக் குண்டை எடுத்தாள்.

பெஞ்சிலிருந்து முனியனின் குரல் வந்தது. "அதெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது பாப்பா. சித்தாளுன்னே போடு. பொம்பள கொத்தனாரு கட்டின சொவத்த எவன் நம்புவான்? நாளைக்கு மேஸ்திரிங்க காதுக்குப் போச்சின்னா இருக்கிற சித்தாளு வேலையும் பூடும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. கொத்தனார் என்று எழுதிக்கொண்ட பெண்ணைச் சித்தாளாகக் கூப்பிட மேஸ்திரிகள் தயங்குவார்கள், அது உதயாவுக்குத் தெரியும். மீதிப் பாதி உண்மை இல்லை என்பதும் ஊருக்கே தெரிந்ததுதான், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எட்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் முனியனின் முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர் சுவரோரம் நின்று பேசுவார், அவள் கட்டுவாள். சுவர்கள் அவர் பெயரில் எழும்பின.

கெங்கம்மாள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னாயா, கொலுசா கேட்டேன்? செய்யற வேலையத்தான் சொல்றேன்" என்றாள்.

உதயா ரேகைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். ரேகை விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து வைத்தார்கள், விழவில்லை. விரலை நெற்றியில் தேய்த்து அந்த எண்ணெய்ப்பசையோடு வைக்கச் சொன்னாள். பத்து விரலையும் பார்த்தாயிற்று. இனி ஒரே வழி, ஆதாரோடு சேர்த்த கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண். உதயா பொத்தானை அழுத்தினாள். முனியனின் சட்டைப் பையில் மணி அடித்தது. வீட்டில் இருப்பது அந்த ஒரு கைப்பேசிதான்.

அவர் எடுத்தார். கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "இது கொத்தனாருன்னா, நான் யாரு?" என்றார்.

திரையில் நேரம் ஓடி முடிந்தது. உதயா அவசரப்படுத்தவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியைக் காட்டினாள். முனியன். அதற்குக் கீழே கெங்கம்மாள். இருவருக்கும் எதிரே காலி.

"நைனா, முகாமுல ஒங்க ரெண்டு பேரையும் நாத்து நட வச்சது நானு. ஒங்க அட்டையிலயும் விவசாயக் கூலின்னுதான் இருக்குது. தப்பு என்னுது. இன்னிக்கு ஒங்களுதையும் கொத்தனாருன்னு மாத்தறேன். ரெண்டுத்துக்கும் நம்பரு ஒங்க ஃபோனுக்குத்தான் வரும். எத மொதல்ல படிக்கறீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

திருப்பதி பஸ் ஒன்று சந்துமுனையில் ஹாரன் அடித்துப் போயிற்று. மொட்டையில் சந்தனம் காய்ந்த ஒரு குடும்பம் பெஞ்சைத் தாண்டி நடந்தது. முனியன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே வூட்ல ரெண்டு கொத்தனாரா?"

"சித்தாளுக்குத்தான் வெளிய ஆளு தேடணும்" என்றாள் கெங்கம்மாள் உள்ளிருந்து.

அவர் முழங்காலை இரண்டு முறை தடவினார். "அதோடத மொதல்ல அனுப்பு" என்றார்.

மணி அடித்தது. சாரத்தின் மேலிருந்து அளவு சொல்கிற குரலில், ஒவ்வொரு எண்ணாக, சந்தே கேட்கும்படி படித்தார். உதயா திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த எண்ணுக்குப் போனார். ஆறாவது எண் முடிந்ததும் கைப்பேசியைச் சட்டைப் பையில் போடாமல், எழுந்து வந்து கெங்கம்மாளின் ஒயர்கூடைக்கு மேல் வைத்தார்.

அட்டை சூடாக வந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத கெங்கம்மாள், கொத்தனார் என்ற எழுத்து எது என்று கேட்டு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மூடி, வாசல் நிலைச்சட்டத்தோடு அட்டையின் ஓரத்தைச் சேர்த்துப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் கோணிகினு இருக்குதும்மா."

உதயா வாங்கி, ஸ்கேல் வைத்து ஓரத்தை மறுபடி வெட்டிக் கொடுத்தாள். நாளைக்கு அந்த சூப்பர்வைசர் எடுத்துக்கொள்வானா என்று முனியன் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. எழுதினது சரி. அது மட்டும் தெரியும்."

அவருடைய அட்டையையும் முடித்துக் கொடுத்து, இருவரும் படியிறங்கிச் செருப்பு மாட்டுவதைப் பார்த்த பிறகு, உதயா நோட்டை விரித்து இரண்டு வரியிலும் கடைசிக் கட்டத்தை நிரப்பினாள். மை காய்ந்ததும் முன்பக்கத்துக்குப் புரட்டினாள். முதல் வரியில் அவளுடைய பெயரே இருந்தது. முகாமில் சிக்னல் வருகிறதா என்று சோதித்துப் பார்க்கத் தன்னைத்தான் முதலில் பதிந்தாள், விவசாயக் கூலி என்று. எதிரே இருந்த காலிக் கட்டத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனாள். நோட்டில் மற்றவர்களுடைய கட்டம் இன்னும் இருநூறு போலக் காலியாக இருந்தது. பிறகு மூடியைப் போட்டு, நோட்டை மூடி வைத்துவிட்டு, வாசலில் நின்றவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.