போர்ச்சுக் கூரையில் நாலாவது கறி

தம்போயில் எங்கள் மூலை வீட்டின் பக்கவாட்டு நிலம் இருபத்திரண்டு அடி நீளம், பதினான்கு அடி அகலம். இரண்டு முறை அளந்திருக்கிறேன். அதில் இரண்டு வருடமாக ஒரு சாப்பாட்டுக் காடு வளர்த்தேன். மேலே முருங்கையும் வாழையும், நடுவே மரவள்ளி, கீழே கீரை. தரையை மூட அட்டைப்பெட்டியும் வெட்டிய புல்லும். சமையலறைக் கழிவு முழுக்க வாழைகளுக்கு நடுவில் இருந்த குழிக்குப் போகும். எல்லாம் நோட்டில் இருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை முடித்துப் பாலம் கடந்து வரும் என் மனைவியைத் தினமும் கொசுதான் வரவேற்றது. பொறுத்துப் பார்த்தவள், நிலம் முழுக்கச் சிமெண்டு போட ஆள் பேசிவிட்டாள். நான் கெஞ்சியதில் ஒரு வாய்ப்பு கிடைத்தது.

“ஞாயித்துக்கெழம மத்தியானம் நாலு கறி. கடையில ஒரு காய் வாங்கக் கூடாது. ஒண்ணு கொறஞ்சாலும் அன்னிக்கே சிமெண்டு.”

முருங்கைக்கீரை, வாழைப்பூ, மரவள்ளி, தண்டுக்கீரை என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் தண்டுக்கீரையில் தண்டு மட்டும் நின்றது. மீதியை நத்தைகள் விருந்து சாப்பிட்டிருந்தன. கையில் கத்தரிக்கோலோடு தோட்டத்தை ஆறு சுற்று சுற்றினேன். நாலாவது கறி எங்கும் இல்லை.

மாடி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். “என்னங்க, போர்ச்சுக் கூரையில மஞ்சளா என்னமோ கெடக்கு. பந்தா?”

கார் நிறுத்தும் போர்ச்சின் கூரைக்கு ஏணி வைத்து ஏறினேன். பூசணிக்காய். என் தலையைவிடப் பெரியது. குழியிலிருந்து கிளம்பி, முருங்கையில் ஏறி, கூரைக்குத் தாவிய கொடி. அதைப் பற்றி நோட்டில் நானே எழுதியிருந்தேன்: ‘காய் இல்லை, வெட்ட வேண்டும்.’ எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஏணியே ஆடியது. அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன ஒழுங்கு புத்தி வந்தது.

“இது செல்லாது. நான் நடல. நட்டதா நோட்டுல இல்ல.”

“அலமாக், இவரு ஒருத்தரு,” என்றாள். “நான் நட்டேன்லா. அழுகுன பூசணிய அந்தக் குழியில கொட்டுனது யாரு? நீங்களா?”

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். பிறகு படி இறங்கி ஓடி வந்து, “மெல்ல, மெல்ல, என் காய்ல கீறல் விழுந்தா பாருங்க,” என்று இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கினாள்.

மத்தியானம் சிமெண்டுக்காரர் அளவு நாடாவோடு வந்தார். அவரையும் உட்காரவைத்து இலை போட்டோம். நாலு கறி.

“அக்கா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?” என்றார் அவர்.

“பூசணியிலேர்ந்து ஆரம்பிங்க,” என்று இன்னொரு கரண்டி வைத்தாள். “சிமெண்டு வேணாம்ணே. கொடி ஏற ஒரு பந்தல் போட எவ்ளோ ஆகும்?”

நான் நோட்டை எடுத்து, கொடி என்ற இடத்தில் ‘நட்டவர்: மனைவி’ என்று திருத்தினேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. சிரித்துக்கொண்டே எழுதினால் அப்படித்தான்.