பத்துப் பேர், ஒரே போன்

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளக்கி ஜெயித்ததில்லை. உப்பளங்களுக்கு மழை எச்சரிக்கை அனுப்பும் செயலி ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் சென்னைக் கம்பெனிக்கு நான் மரக்காணத்து வீட்டில் உட்கார்ந்தபடி வேலை பார்க்கிறேன். செயலியில் குறை இருந்தால் ஜனங்கள் அதிலேயே புகார் போடுவார்கள். ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். குவியும் டிக்கெட்டுகளைத் தேடிப் பிரித்து, எது முதலில், எது பிறகு என்று அடுக்கி புரோகிராமர்களிடம் தருவது நான்.

“நாள் முழுக்க லிஸ்ட்டை மேலயும் கீழயும் தள்றதுக்கு ஒரு சம்பளமா?” என்பாள் என் அக்கா.

தள்ளிப் பார்த்தால் தெரியும். தலைப்பு வைக்கிற லட்சணம் அப்படி. ‘வேலை செய்யல’, ‘மறுபடியும் அதே’, ‘சார் ப்ளீஸ்’. இதில் எதைத் தேடுவது? அவசரத்தை வைத்து அடுக்கலாமென்றால் எல்லோரும் ‘மிக அவசரம்’ என்றே போட்டிருப்பார்கள். செயலியின் நீல நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதென்று எங்கள் மேனேஜர் போட்டதும் மிக அவசரம்தான். ஆபீஸே திரண்டு அதற்கு ‘ஆமாம்’ போட்டிருந்தது.

அதனால் நானே ஒரு விதி வைத்தேன். அதிகம் பேர் சொன்னது மேலே போகும். ஒரே ஆள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ‘டூப்ளிகேட்’ என்று மூடிவிடுவேன். அந்த விதியில் எனக்கு ரொம்பப் பெருமை.

அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. அவளோடு சேர்த்துப் பத்துப் பெண்கள் ஒரு செட். மழைக்கு முன் உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடியாக வேண்டும். குவியல் கரைந்தால் மூட்டை பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பாத்தியில் மறுபடி உப்பு பூக்கும்வரை பத்துப் பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

இந்தக் கோடையில் ஒருநாள் சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள்.

“டேய், உங்க ஆப் மழை பெஞ்சு முடிச்சப்புறம் மழை வருதுன்னு சொல்லுது. அதுக்கு எதுக்குடா ஆப்? எனக்குக் கண்ணு இல்லியா?”

“வாயில சொன்னா செல்லாதுக்கா. டிக்கெட் போடு. எத்தனை பேர் போடறாங்களோ அவ்ளோ மேல வரும்.”

“சரி, பத்துப் பேரையும் போடச் சொல்றேன்.”

மறுநாள் ‘மழை லேட்டா சொல்லுது’ என்று கால் மணி நேரத்தில் பத்து டிக்கெட். பட்டியலில் பெயர் வராது, பயனர் எண் மட்டும்தான் வரும். பத்துக்கும் ஒரே எண். யாரோ வேலைவெட்டி இல்லாதவர் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்பதை மூடினேன். மிஞ்சிய ஒன்று, ஒரே ஆள் சொன்னதல்லவா, மேனேஜரின் நீலத்துக்கும் கீழே போய்ச் சேர்ந்தது. அக்காவின் செட்டில் ஒருத்திகூடப் போடவில்லையே, சரியான சோம்பேறிகள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மழையில் பாதிக் குவியல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அக்கா நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ‘உங்கள் புகார் டூப்ளிகேட் என மூடப்பட்டது.’ ஒன்பது தடவை.

“இன்னாடா டூப்ளிகேட்டு? உப்புத் தண்ணி பட்டா போன் செத்துடும்னு எல்லாரும் வூட்லயே வெச்சிட்டு வர்றாளுங்க. என்னுது ஒண்ணுதான் கவர்ல சுத்தி ஷெட்ல தொங்குது. அதுல வரிசையா நின்னு ஒவ்வொருத்தியா பேசிப் போட்டாளுங்க. மூடினவன் எவன்டா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களில் மூத்த பெண்மணி, கையில் கட்டோடு, மெதுவாகக் கேட்டார். “ரெண்டாவதா போட்டது நான் தம்பி. படிச்சியாப்பா?”

படிக்கவில்லை. தலைப்பைத்தான் பார்த்தேன். இப்போது திறந்தேன். ‘தார்ப்பாய் இழுக்கும்போதே மழை பிடிச்சிக்கிச்சு. வழுக்கி வுழுந்துட்டேன். கொஞ்சம் முன்னாடியே சொல்லுங்க சாமி.’

“நான்தான்க்கா மூடினேன்,” என்றேன். அக்கா போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பத்தையும் திறந்து பட்டியலின் உச்சியில் வைத்தேன். மேனேஜர் போன் செய்தார். “ஏம்பா, ஒரே யூசர் பத்து தடவையா?”

“பத்துப் பேர் சார். போன்தான் ஒண்ணு.”

புரோகிராமர் நோண்டிப் பார்த்தபோது வண்டவாளம் தெரிந்தது. எச்சரிக்கை ஊர் ஊராக, அகர வரிசையில் போய்க்கொண்டிருந்தது. ‘ம’ வரைக்கும் வருவதற்குள் மேகமே எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறது. வரிசை வைத்துக் கெடுத்ததில் எனக்கொரு கூட்டாளி! மேகம் பக்கத்தில் இருக்கிற ஊருக்கே முதல் தகவல் என்று மாற்றினார்கள்.

சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம், என் போனில் மழை எச்சரிக்கை கத்தியது. மொட்டை மாடிக்கு ஓடினேன். கிழக்கே கடல் மேல் கறுப்பு. மழை இறங்க இருபது நிமிடம் ஆனது. அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. கீழே வந்து பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மழை விட்டதும் ஒரு டிக்கெட் விழுந்தது. ‘உப்பு மூடியாச்சு.’ பின்னாலேயே இன்னொன்று. ‘உப்பு மூடியாச்சு.’ அதே பயனர் எண், அதே தலைப்பு, எல்லாமே மிக அவசரம். ஒன்பது வந்து நின்றுவிட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு வரி விடாமல் படித்தேன். நான் தேடியது அதில் இல்லை.

கடைசியில் பத்தாவது வந்தது. ‘தம்பி, இந்த தடவ நான் வுழல.’

விதிப்படி ஒன்பதை மூட வேண்டும். பத்தும் இன்றுவரை திறந்தே இருக்கின்றன.