தேசம்மாவின் அடுப்பு எரிந்த விதம்

மீன் சட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஊரையே வறுக்கத் தெரிந்தவள் தேசம்மா. அடையாறு கடலில் கலக்கிற இடத்துக் குப்பத்தில் அவள் கடை. கடை என்றால் நாலு சவுக்குக் கம்பு, மேலே ஒரு கிழிந்த பாய்மரத் துணி. நான் அப்போது பஸ் கண்டக்டர். ஷிப்ட் முடிந்தால் அவளிடம் நாலு திட்டும் ரெண்டு துண்டு வவ்வால் மீனும் வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. ஓசியில் ஒரு நெத்திலித் தலைகூடத் தரமாட்டாள், மகராசி.

எழுபத்து நாலில் வந்த மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு அவளைப் படுத்தி எடுத்தது. கியூவில் நின்றால் மீன் நாறியது, மீனைப் பார்த்தால் கியூ போயிற்று. எண்ணெய்க் கடை வெள்ளைத்துரை கேட்டபோதெல்லாம் உதட்டைப் பிதுக்குவார், கேனை மட்டும் பின்வாசல் வழியாக வேறு யாருக்கோ அனுப்புவார். புருஷன் கடலோடு போனபின் அவளுக்குச் சோறு போட்டது அந்தச் சட்டிதான். நாலு நாள் அடுப்பு அணைந்தால் அந்த இடத்தில் வேறு எவளாவது சட்டி வைத்துவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் கையால் போர் போடுகிற கோபால், குப்பத்துக்குத் தண்ணீர் எடுத்துத் தருகிறேன் என்று அவள் கடைக்குப் பக்கத்தில் குழாய் இறக்கினான். நாற்பதடியில் கன்னங்கரேலென்று சேறு, அதில் மக்கிப்போன மரக்கட்டை. தண்ணீரோ உப்புக் கரித்தது. கடுப்பில் ஒரு பீடியைப் பற்றவைத்தான். புஸ்ஸென்று நெருப்பு கிளம்பிப் பாதி மீசையைத் தின்றுவிட்டது!

எல்லாரும் ஓடினார்கள். தேசம்மா மட்டும் கிட்டே போனாள்.

"இன்னாடா கோபாலு, பைப்பு எரியுது?"

"கட்ட மக்கி, எரியுற காத்து அடைச்சிக்கினு கீதுக்கா. மேல கீற தண்ணி அத்த அமுக்குது. தண்ணிய எறைச்சா காத்து வரும். நிறுத்துனா நின்னுடும்."

மீசை போன வருத்தத்தோடேயே அடிபம்பைப் பொருத்தி, அதைச் சுற்றியிருந்த வெளிக்குழாயின் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயை அவள் அடுப்புக்கு இழுத்துக் கொடுத்தான். நீலமாக, ஜம்மென்று எரிந்தது. ஆனால் பம்பை யார் அடிப்பது? அவளே அடித்தால் மீனை யார் திருப்புவது? உப்புத் தண்ணீருக்கு எந்தப் பைத்தியம் குடம் கொண்டுவரும்?

அக்னி நட்சத்திர நேரம். ஊர் முழுக்க வேர்க்குரு. தேசம்மா ஒரு புளுகு புளுகினாள் பாருங்கள்! "கருஞ்சேத்துத் தண்ணிம்மா இது. மூணு நாள் ஊத்திக்கோ, முதுகு பட்டாட்டம் ஆயிடும்." பக்கத்துக் குடிசை குப்பம்மாதான் முதலில் குடத்தோடு வந்தாள். ஒரே வாரத்தில் பெசன்ட் நகரிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். அவர்கள் அடித்தார்கள், தேசம்மா வறுத்தாள், நான் தின்றேன்.

வெள்ளைத்துரைக்கு வயிறு எரிந்தது. பூமியிலிருந்து திருட்டுத்தனமாகக் காஸ் எடுக்கிறாள் என்று மொட்டைக் கடிதாசி போட்டார். ஒரு மத்தியானம் ஜவஹர் என்கிற அதிகாரி, ஒரு போலீஸ்காரரோடு, முதுகைச் சொறிந்துகொண்டே ஜீப்பில் வந்து இறங்கினார். காஸ் இருப்பது தெரிந்தால் குழாயை மூடி, வேலி போட்டு, கடையையும் தூக்கிவிடுவார்கள் என்று ஜீப் டிரைவர் என்னிடம் சொன்னான். ஓடிப்போய்ச் சொன்னேன்.

தேசம்மா பெரிய அண்டாவை அடுப்பின்மேல் வைத்து நெருப்பை மறைத்தாள். நேரே வரிசைக்கு ஓடினாள்.

"நிறுத்துங்கடி! மருந்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் உப்புத் தண்ணி. நான் பொய் சொன்னேன்!"

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது. ஒருத்திகூட நம்பவில்லை.

"தோ பாரு, ஆபீசர் வந்ததும் அவருக்கே மொத்தமா தாரை வாக்கப் பாக்குறா. அடிங்கடி!" என்றாள் குப்பம்மா. இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்கள். அண்டாவின் அடியில் நெருப்பு உறுமியது.

ஜவஹருக்கு எரிச்சல் வந்தது. "இந்தக் கூச்சல்ல நான் எதை டெஸ்ட் பண்றது? மொதல்ல எல்லாரும் பம்பை விட்டுத் தள்ளிப் போங்க!" போலீஸ்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி நிதானமாக நாலு பாரம் எழுதி, இடத்தை டேப் வைத்து அளந்து, ஒரு டம்ளர் மோரும் குடித்தார். அதற்குள் பூமிக்குள்ளே தண்ணீர் ஏறிக் காற்றை அமுக்கிவிட்டது. உறுமல் நின்றது.

அண்டாவைத் தொட்டவர் கையை உதறினார். "ஏம்மா இப்படிச் சுடுது?"

"வெயிலு சார்."

குழாயின் வாயில் மூன்று தீக்குச்சி கிழித்துக் காட்டினார். ஒன்றும் பற்றவில்லை. 'புகார் பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேசம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பி வந்தார். "அந்தத் தண்ணி வேர்க்குருக்கு நெஜமாவே கேக்குமா?" என்று கேட்டபடி பம்பின் கைப்பிடியில் கை வைத்தார். தேசம்மா பாய்ந்து எழுந்தாள். "உங்க கையால அடிக்கிறதா! இந்தாங்க சார்" என்று தன் குடத்தையே தூக்கி ஜீப்பில் வைத்தாள். ஓசியில்! நான் வாயைப் பிளந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முழு வீச்சில் இருந்தது, அடுப்பு நீலமாக எரிந்தது. வரிசையில் ஐந்தாவதாக, வேட்டியும் பனியனுமாக, அதே குடத்தோடு ஜவஹர் நின்றுகொண்டிருந்தார். அண்டாவைத் தேடக்கூட நேரமில்லை. தேசம்மா கரண்டியைப் பிடித்தபடி சிலையாக நின்றாள், சட்டியில் மீன் கருகியது.

ஜவஹர் நெருப்பைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். மறுபடி நெருப்பைப் பார்த்தார். அன்று அவர் முதுகைச் சொறியவே இல்லை.

"வெயில் ரொம்ப ஜாஸ்தி, இல்லம்மா?" என்று சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.