பக்கத்து சீட்டு காலியாகத்தானே போகிறது

என் தம்பிக்கு நாற்பத்திரண்டாம் வயதில் ஆகாயத்தில் பறக்கும் ஆசை வந்தது. மற்ற ஆம்பிளைகளுக்கு அந்த வயதில் தொப்பை வரும், சர்க்கரை வரும், பக்கத்து மனை மேல் கண் வரும். இவனுக்குத் தொப்பையும் வந்து, கூடவே இதுவும் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு லேத்து மெஷின் போட்டு போல்ட்டு நட்டு கடைந்துகொண்டிருந்தவன், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பயிற்சி மைதானத்துக்குப் போய், இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டான். எங்கள் அப்பா அயனம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்துக்கு வரப்பு வெட்டியவர். மகன் அதே நிலத்துக்கு மேலே பறந்தான். நடுவில் நான் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் பேக்கிங் செக்‌ஷனில் பத்தொன்பது வருஷம் பெட்டி கட்டி அவனைப் படிக்க வைத்தேன். யாரும் இதைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு, மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த பிறகு, அவனும் நானும்தான் ஒரே வீட்டில்.

ஓட்டக் கற்றதோடு விட்டிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"யக்கா, நான் ஒண்டியா கோயம்புத்தூர் வரைக்கும் ஓட்டினு போயிட்டு வரப் போறேன். நடுவுல மலைங்கோ கீது பாரு, அதுக்கு ஊடால."

கோயம்புத்தூருக்குப் படுத்துக்கொண்டே போக ரயில் இருப்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"தொணைக்கு யாரையாவது கூட்டினு போயேண்டா."

"ஒண்டியா போறதுதான் யக்கா விசயமே."

"கல்யாணமே வேணாம்னு ஒண்டியாத்தானே கீறே. அது பத்தலியா?"

ரசம் ஊற்றிக்கொண்டான்.

அந்த மாசி மாதம் முழுக்க என் வீட்டுக் கூடம் என்னுடையதாக இல்லை. தரை அடைக்க ஒரு வரைபடத்தை விரித்து வைத்தான். ஊர்ப் பெயரெல்லாம் இங்கிலீஷில். தமிழையே நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். அதனால் எனக்கு விளங்கட்டும் என்று பெரிய மனது பண்ணி, என் பாத்திரங்களைக் கவிழ்த்து மலை செய்தான். இட்லிக் குண்டான் கல்வராயன் மலை. அண்டா சேர்வராயன் மலை. தெற்கே குக்கர், அது கொல்லிமலை. நடுவில் இருந்த சந்தில் ஆத்தூர். அந்தச் சந்து வழியாக ஒரு நூலை இழுத்துக் காட்டினான். அன்றிலிருந்து இட்லி கிடையாது. மலையை நகர்த்தக் கூடாது என்று உத்தரவு.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டான். செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை மணிக்கு இறக்கைக்கு அடியில் வரும், பாலாறு எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் எவ்வளவு நேரம் கூடும், எல்லாம் அதில் ஏறியது. கல்யாண மண்டபம் பிடிக்கிறவன்கூட இவ்வளவு எழுத மாட்டான். விடியலில் கிளம்பிவிட வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான். வெயில் ஏறினால் மலையோரம் காற்று குதிக்குமாம். விமானமும் மேலே ஏறத் திணறுமாம்.

கடைசிப் பக்கம் எடைக்கு. அவன் எடை, பெட்ரோல் எடை, ஒரே ஒரு பை. அந்தப் பக்கத்தைக் காட்டும்போது மட்டும் அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"எடை கூடிச்சின்னா மேல ஏறாது யக்கா. மலை கிட்ட போயி ஏறலேன்னா அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா?"

"அவ்ளோதான்."

நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதுவரை எங்கள் தெருவில் அவனுக்கு நல்ல பெயர் எதுவும் இல்லை. தொழிலைப் பார்க்காமல் காற்றாடி விடுகிறான் என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போட்டு நிற்கும்போது சொல்லிவிட்டேன். "எந்தம்பி வர்ற திங்கக்கெழம சொந்தமா பிளைட்டு ஓட்டினு கோயம்புத்தூர் போறான்." அவ்வளவுதான் சொன்னேன். விமானம் சொந்தமில்லை, வாடகை. அதைச் சொல்வதற்குள் தண்ணி லாரி வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்தது. முதலில் வந்தது எதிர்வீட்டுக்காரர். ஆவடியில் பாக்டரியில் போர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் தெருவிலேயே டெலிபோன் வைத்திருந்த ஒரே வீடு. காற்றாடி என்று முதலில் சொன்ன வாய் அவருடையதுதான். கையில் சாக்கு சுற்றிய ஒரு மூட்டை. பிரித்தால் தையல் மெஷின். கால், மேஜை எதுவும் இல்லாமல் தலை மட்டும்.

"கோயம்புத்தூர்ல எம்பொண்ணு கீறாம்மா. லாரியில போட்டா ஒடைச்சிடுவான். நம்ம தம்பி பதமா எடுத்தினு போவாரு."

"பிளைட்டு சின்னதுண்ணா. ரெண்டே சீட்டு."

"தம்பி ஒரு ஆளுதானே போறாரு? பக்கத்து சீட்டு காலியாத்தானே போவுது?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய மனிதர் அம்பத்தூரில் அன்று யாரும் இல்லை. வெளியூர் போகிறவன் கையில் பொட்டலம் கொடுப்பதும், அவன் அதை வாங்கிக்கொள்வதும் எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தை நாலு தலைமுறைக்குப் பேசுவார்கள். என் தம்பி, மலைக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டவன், இரண்டு கையையும் நீட்டித் தையல் மெஷினை வாங்கிக்கொண்டான்.

பிறகென்ன. ஒருத்தி தங்கச்சிக்கு வடாம் கொண்டு வந்தாள். இன்னொருத்தி மாங்காய் ஊறுகாய், ஜாடியோடு. ஒரு வீட்டிலிருந்து மருமகளுக்குப் பித்தளைக் குடம். அதைக் காலியாக அனுப்பக் கூடாதென்று உள்ளே அரிசி. எதுவும் அனுப்ப ஆள் இல்லாத பின்வீட்டுக்காரி மட்டும் குறைப்பட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணாத்தே, வரச்சொல்லோ சீட்டு காலியாத்தானே வரும்? ஒரு கிரைண்டர் வாங்கினு வந்துடேன். அங்கதான் நல்லா கெடைக்கும்."

இவர்களைச் சொல்லி என்ன? எல்லாருக்கும் முன்னால் என் பொட்டலம் தயாராக இருந்தது. கோயம்புத்தூரில் என் சம்பந்தி வீட்டில் அந்த வாரம் கிரகப்பிரவேசம். எங்கள் வீட்டு ஆளாக அவன்தான் போவதாக ஏற்பாடு. ஒரு ஜோடி வெண்கலக் குத்துவிளக்கு வாங்கி, வைக்கோல் வைத்து, பேக்கிங் செக்‌ஷன் பாணியில் நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தேன். பெண்ணைப் பெற்றவள் வீட்டு விளக்கு, பெண்ணைப் பெற்றவளின் தம்பி கையால், ஆகாய மார்க்கமாக வந்து இறங்கும். சம்பந்தியம்மாள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தே எனக்கு இரண்டு நாள் பசியில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாப் பொட்டலங்களையும் வரிசையாக வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தான்.

"யக்கா, கொஞ்சம் தூக்கிப் பார்த்துச் சொல்லேன். எல்லாம் சேர்த்து எவ்ளோ வரும்?"

என் கைக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. கம்பெனியில் தராசு கெட்டுப் போனால் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். ஒவ்வொன்றாகத் தூக்கினேன். தையல் மெஷினைத் தூக்கும்போதே தெரிந்துவிட்டது. மொத்தம் நாற்பது கிலோவுக்கு மேலே. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. எல்லாவற்றையும் இறக்கி வைப்பான். விளக்கும் இறங்கிவிடும்.

"பதினஞ்சு இருக்கும்" என்றேன்.

அவன் பதினைந்து என்று எழுதி அடியில் கோடு போட்டான். தராசைத் தேடவில்லை. என் கை இருக்கும்போது தராசு எதற்கு?

காலையில் இன்னொரு கூத்து. வடாம்காரி, வடகமும் தருகிறேன், அம்மா வீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்று நிறுத்தி வைத்துவிட்டாள். விடியலில் கிளம்ப வேண்டியவன் வெயில் வந்த பிறகுதான் மைதானத்துக்குப் போகும் வேனில் ஏறினான். சிவப்புக் கோடு நோட்டுப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

கோயம்புத்தூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றிருந்தான். நான் குளித்து, விளக்கேற்றி, கூடத்தில் உட்கார்ந்தேன். தரையில் பாத்திரமெல்லாம் இன்னும் கவிழ்ந்தபடியே இருந்தன. இட்லிக் குண்டானுக்கும் குக்கருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் சொன்ன பதினைந்து வாய்க்குள்ளேயே கசந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஆயிற்று. சாப்பிடவில்லை. எதிர்வீட்டு டெலிபோன் இரண்டு தடவை அடித்தது. இரண்டும் அவர்களுக்கு.

மூன்று மணிக்கு வாசலில் வேன் நின்றது. அவன் இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே எல்லாப் பொட்டலமும் இறங்கின.

"ஏறலே யக்கா" என்றான்.

தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, கவிழ்த்த பாத்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். ஆத்தூர் கிட்டப் போகும்போது அனல் காற்று மேலேயும் கீழேயும் தள்ளியதாம். மூக்கைத் தூக்கத் தூக்க விமானம் இருந்த இடத்திலேயே இருந்ததாம். மலையில் மரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் திருப்பினானாம். திரும்புவதற்கு இடம் இருந்ததே பெரிது என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பொட்டலங்களை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி, முனையில் இருந்த பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"நாப்பத்தி ரெண்டு கிலோ" என்றான். "உங்கை தப்பாதுன்னு நெனச்சேன்."

"கை தப்பலேடா" என்றேன். "வாய்தான் பொய் சொல்லிச்சி. வெளக்கு போவணும்னு சொன்னேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. குண்டானை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

தெரு விசாரிக்க வந்தது. அவனை இல்லை, பொட்டலங்களை. வடாம்காரி அங்கேயே பிரித்து, எத்தனை நொறுங்கியது என்று எண்ணினாள். ஊறுகாய் எண்ணெய் கசிந்ததற்கு எனக்கு ஒரு பாட்டு கிடைத்தது. போர்மேன் தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாதி வழி போயிட்டு ஏம்மா திரும்பணும்? இன்னும் கொஞ்ச தூரம்தானே?"

பதினைந்து நாள் கழித்து அவன் மறுபடியும் வரைபடத்தை விரித்தான். போகாதே என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவன் நோட்டில் தப்பு இல்லை. தப்பு என்னிடம் இருந்தது. அதற்கு அவன் பறக்காமல் இருப்பது என்ன நியாயம்?

அந்தத் தடவை நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வடாம்காரி வந்தாள். எடுத்துக்கொள்ள முடியாது என்றேன். ஊறுகாய் வந்தது, திரும்பிப் போனது. போர்மேன் மூட்டையோடு வந்து, "காலி சீட்டுதானேம்மா" என்று ஆரம்பித்தார்.

"சீட்டு காலியாத்தான் போவும்ணா. அது அவனோட சீட்டு."

"ஒரு மெசினு தூக்கினு போறதுக்கு இன்னா கெத்தும்மா உங்களுக்கு?"

"ஆமா. கெத்துதான்."

அந்த வாரம் தண்ணி லாரியில் என் குடம் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. யார் தள்ளியது என்று கேட்கவில்லை. விளக்கை நானே பார்சல் சர்வீஸில் போட்டேன். கிரகப்பிரவேசம் முடிந்து போயிருந்தது.

அவன் இருட்டோடு கிளம்பினான். கையில் நோட்டுப் புத்தகமும் தண்ணி பாட்டிலும். நான் வாசலிலேயே நின்றேன். பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பத்தரை ஆயிற்று. எதிர்வீட்டில் போய் "போன் வந்ததா" என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அவர்கள் வீட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பியவள் நான். பதினொன்றுக்குப் போர்மேனே கதவைத் திறந்தார். சிரிக்கவில்லை.

"கோயம்புத்தூர்லேந்து போனு" என்றார்.

செருப்பு போடாமல் ஓடினேன். சம்பந்தியம்மாள்தான் பேசினாள். அவள் குரலில் இருந்த குத்தலை ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டியும் கையால் தொடலாம்.

"உங்க தம்பி வந்துட்டாருங்க. காப்பி குடிச்சுட்டு இருக்காரு. பொண்ணு வீட்டுல இருந்து மொத மொதல்ல புது வீட்டுக்கு வர்றாரு, இப்படிக் கையை வீசிட்டு வந்திருக்காருங்களே."

"ஆமாங்க" என்றேன். போர்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டேன். "நாந்தாங்க அப்படி அனுப்பினேன்."