முதலில் ஊசி, அப்புறம் எலும்பு

ரத்னமாலாவும் நானும் பட்டுக் கூட்டுறவுக் கடையில் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று சேலை விரித்துக் காட்டியவர்கள்.

1997இல் அவள் கறுக்கத் தொடங்கினாள். உள்ளங்கை ரேகைகூடக் கறுத்தது. இளைத்தாள், எழுந்து நின்றால் தலை சுற்றியது. மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பாள். ஜைனப் பெண், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டாள், நோன்பிருந்து இப்படி ஆகிவிட்டாள் என்று கடையில் பேசிக்கொண்டோம். நானும்தான்.

கணவர் ரிஷபதாஸ் சென்னைக்கு அழைத்துப்போனார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கெட்டுவிட்டன என்றார்களாம். அவளே எனக்கு விளக்கினாள். அடிபட்டாலோ பயந்தாலோ நரம்பு வழியாக உடனே செய்தி போய் இதயம் படபடக்கும். அடுத்து மூளை, கார்டிசால் சுரக்கச் சொல்லி ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அனுப்பும். அந்தக் கார்டிசால்தான் ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வது. அவளுக்கு அது சுரக்கவில்லை. மூளை விடாமல் அந்த ஹார்மோனை அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்ததில்தான் தோல் கறுத்ததாம்.

தினமும் மாத்திரை, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு. பெரிய அடி பட்டால் ஊசி. ஒரு அட்டையில் இதையெல்லாம் எழுதி, மருந்துக் குப்பியோடு கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

2003இல் செவிலிமேட்டிலிருந்து நாங்கள் வந்த பஸ், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார்கள். உதடு வெளுத்து, குரல் எழும்பாத நிலையிலும் அவள் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எலும்பு காத்துக்கினு இருக்கும், டாக்டர். என் பிரஷர் காத்துக்கினு இருக்காது. அடிபட்டா என் ஒடம்புல கார்டிசால் சுரக்காது. சம்பூர்ணத்துக்கிட்ட என் பை இருக்குது. மருந்து அதுலயே இருக்குது, மொதல்ல அத நரம்புல போடுங்க."

நான் அட்டையை நீட்டினேன். அவர் நின்று, முழுவதும் படித்தார். ஊசி போட்டு சலைனும் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் அவள் நாடி என் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட்டது. பிறகுதான் எக்ஸ்ரே.

மறுநாள் சாயங்காலம் அந்த டாக்டர் நர்சுகளை அழைத்துவந்தார்.

"இந்தம்மா சொல்லலன்னா, எலும்பத்தான் பாத்துக்கினு இருந்திருப்பேன். இவங்கள இழந்திருப்போம்" என்றார்.

ரிஷபதாஸ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அந்த வார்டில் என்னைவிட நிமிர்ந்து நின்றவர்கள் யாரும் இல்லை. ரத்னமாலாவோ ஜன்னலைப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு வேண்டும் என்றாள்.