இரை வைத்த துணி

சவாயித் தீவில் யோவேலு எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். சாவு வீட்டிலும் ஜோக்கடிப்பான். அவனை நல்லவன் என்று சொல்ல நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. அடுத்தவர் துக்கம் நீளுவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது இரக்கமா, பொறுமையின்மையா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவன் அண்ணன் பேனி மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. உடல் கிடைக்காமல் போனவரைக் கரையில் துணி விரித்து அழைப்போம். துணியில் வந்து அமரும் பூச்சியோ எறும்போ, தட்டிவிட்டும் திரும்பத் திரும்ப வந்தால் இறந்தவரேதான். துணியோடு சுருட்டிப் புதைப்போம். பேனியின் மனைவி மரேத்தா மரப்பட்டைத் துணியை விரித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஓர் எறும்புகூட வரவில்லை.

"அண்ணன் எப்பவுமே லேட்டுதானே அண்ணி. கல்யாணத்துக்கே சர்ச்சுல எல்லாரையும் காக்க வெச்சாரு," என்றான் யோவேலு.

"வாயை மூடுடா. வருவாரு."

மறுநாள் அந்தியில் ஓர் அந்துப்பூச்சி வந்தது. விரல்நகம் அளவுதான். காய்ந்த இலையின் பழுப்பு, குறுக்கே ஊசியால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. இறக்கை விரித்தபோது உள்ளே மஞ்சள். மரேத்தா தட்டிவிட்டாள். அதே இடத்துக்கு வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி வந்தது. பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

"வந்துட்டீங்களா," என்று குனிந்தவள் அப்படியே நின்றாள். பூச்சி நூல்போன்ற நாக்கை நீட்டித் துணியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைத் தொட்டு விரலை முகர்ந்தாள்.

"வாழைப்பழம்."

அவள் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் யோவேலுவைத்தான் பார்த்தார்கள்.

"நீங்க சாப்பிடவே இல்ல அண்ணி... அதான் காலையில கொஞ்சம் தடவி..."

"உங்க அண்ணன் என்ன மீனாடா, இரை வைக்கிறதுக்கு?"

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். ஊரைச் சிரிக்கவைத்தே வாழ்ந்தவன் அந்தச் சிரிப்பில் காதுவரை சிவந்தான்.

"இது அவராவே இருந்தாலும் இனி நான் எப்படிடா நம்புவேன்?"

பூச்சி குடித்து முடித்துப் பறந்து போனது. அது யாராக இருந்தது என்று இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

யோவேலு வீட்டுக்கு ஓடித் தன் வீட்டு மரப்பட்டைத் துணியை எடுத்துவந்து நீட்டினான். மரேத்தா அதை வாங்கி, ஊரே பார்க்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முகர்ந்து பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. பிறகு அதை விரித்தாள்.

"நீ தள்ளிப் போய் உக்காரு," என்றாள்.